சுவருக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

அவள் எழுத்தராகச் சேர்ந்தபோது அது நாலே கிளைகள் கொண்ட சின்ன வங்கி. அடுத்த வருஷமே பெரிய வங்கி ஒன்று அதை வாங்கியது. பிறகு அதுவும் இன்னொன்றோடு இணைந்தது. பெயர்ப்பலகையும் ரப்பர் ஸ்டாம்பும் இரண்டு முறை மாறின. அவள் அதே கட்டடத்தில் மேலாளர் வரை ஏறியிருந்தாள்.

சுவரை ஒட்டிய கட்டடத்தில் போட்டி வங்கி. அதுவும் மூன்று வங்கிகளை விழுங்கிக் கொழுத்ததுதான். அங்கே மேலாளர், அவள் கணவர். இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்திறங்கி, நாள் முழுக்க ஒருவர் வாடிக்கையாளரை மற்றவர் இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை இரண்டு வங்கிகளும் ஒன்றாகிவிட்டன. ஒரே தெருவில் இரண்டு கிளை எதற்கு, நடுச்சுவரை இடியுங்கள் என்று உத்தரவு வந்தது. தம்பதி ஒரே கிளையில் வேலை செய்யக் கூடாது என்ற விதி ஒரு வங்கியில் இருந்தது, மற்றதில் இல்லை. புது வங்கி அதைப் பற்றி இன்னும் யோசிக்கவே இல்லை. மேலாளர் யார் என்பதற்கும் மூன்று வாரம் பதில் இல்லை. வீட்டில் இருவரும் தண்ணீர் சொம்பைக்கூட “முதல்ல நீங்க குடிங்க”, “இல்ல, நீ குடி” என்று நீட்டிக்கொண்டார்கள். இவ்வளவு மரியாதையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்றாள் மகள்.

கடைசியில் பதில் கடிதம் கணவர் மேஜைக்குத்தான் வந்தது. இடித்த சுவரின் ஓட்டை வழியாகச் சட்டையில் சுண்ணாம்புத் தூளோடு வந்து அவளிடம் நீட்டினார்.

“நீதான் மேனேஜர். நான் உனக்கு அடுத்தது.”

“வருத்தமா?”

“இல்லைன்னா பொய். சாயங்காலத்துக்குள்ள சரியாகிடும்.”

சரியாக இரண்டு நாள் ஆனது.

மூன்றாம் நாள் மரக்கடை முதலாளி வந்தார். அவர் வருஷக்கணக்காக இரண்டு பக்கமும் குளிர்காய்ந்தவர். பக்கத்தில் அரை சதவீதம் கூடத் தருகிறார்கள் என்று இங்கே சொல்லித் தன் வைப்புத்தொகைக்கு வட்டியை ஏற்றிக்கொள்வார்; அதே கதையை அங்கேயும் சொல்வார். இப்போது இருவரும் அடுத்தடுத்த மேஜையில் இருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“இனிமே நான் யார்கிட்ட போய் யாரைச் சொல்றது?”

முதலில் சிரித்தது கணவர்தான். தேநீர் வரவழைத்து, பழைய கதைகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்கள். முதலாளி சொன்ன ஒரு வட்டியைக்கூட இருவரில் யாரும் தருவதாகச் சொன்னதே இல்லை. முதலாளி அசடு வழிந்தபடி வைப்புத்தொகையைப் புதுப்பித்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் சாப்பாட்டு நேரம் முழுக்க வங்கிப் பேச்சுதான். மகள் தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.