கூறைச் சிவப்பு

வெள்ளைக்காரன் கொண்டுவந்தவற்றில் நாகையாவுக்கு மிகவும் பிடித்தது ரயிலும் இல்லை, ரொட்டியும் இல்லை. 'லைன்' என்ற சொல்தான். பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளம் பழுதுபார்க்கும் ஆட்களில் அவனும் ஒருவன். ஊரிலிருந்து புதிதாகக் கப்பலில் வந்திறங்கிய மனைவி பவுனம்மாளிடம் அந்தச் சொல்லைத் தன் சொந்தச் சொத்து மாதிரி எடுத்துக் காட்டினான்.

"ரயில் ஓடுற கம்பிச் சடக்கு இருக்கே, அது லைன். நாம குடியிருக்கிற வரிசை வீடு, இதுவும் லைன். தந்திக் கம்பி லைன். சம்பளத்துக்கு நிக்கிறோமே, அதுவும் லைன். நீ துணி காயப்போடுற கயிறு..."

"அதுவுமா?"

"அதுவும்தான்! ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டு ஒரு குடும்பமே நடத்திடலாம் பவுனு."

"இதென்ன அதிசயம்? துணி காயுறது கொடி, பூப்பூக்கிறது கொடி, கோயில்ல ஏத்துறது கொடி. நாம என்ன பீத்திக்கிட்டா திரியுறோம்?" என்றாள் அவள். வாயாடி என்று நினைத்துக்கொண்டான், உள்ளூர மகிழ்ச்சிதான்.

மறுநாள், கப்பலில் ஏறிய ஈர வாடை போகட்டும் என்று தன் கூறைப் புடவையை அலசினாள். வீட்டுச் சுவரிலிருந்து தண்டவாள ஓரத்து வேலிக்கம்பம் வரை போன கயிற்றில் அதை விரித்துப் போட்டாள். நல்ல அரக்குச் சிவப்பு. காற்றடித்ததும் முந்தானை தண்டவாளத்தின் பக்கம் வீசி வீசி ஆடியது. கிள்ளானிலிருந்து வந்த சரக்கு ரயில் தூரத்திலேயே அலறி, வேகம் குறைந்து, புடவைக்கு முன்னால் பவ்வியமாக வந்து நின்றது. டிரைவர் கௌஸ் குதித்து ஓடிவந்து பார்த்தால், ஆபத்து ஒன்றும் இல்லை. ஈரக் கையோடு பவுனம்மாள்தான் திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே கருவிக் கொட்டகையில் விசாரணை. வெள்ளைக்காரத் துரை நாற்காலியில் உட்கார, கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி கார்த்திகேசு மொழிபெயர்த்தார். நாகையா கதவோரம் ஒதுங்கி நின்று கணக்குப் பார்த்தான். வேலை போனால் வீடும் போகும். பிறகு இருவருக்கும் கப்பல்தான். துரையோ மூச்சுக்கு மூச்சு லைன், லைன் என்றார். அவன் செல்லமாக வளர்த்த சொல், இப்போது துரையின் வாயிலிருந்து வந்து அவன் காலை வாரிக்கொண்டிருந்தது.

"ஆர் அந்தச் சீலையைப் போட்டது எண்டு துரை கேக்கிறார்," என்றார் கார்த்திகேசு.

"காத்துல பறந்து வந்துச்சுங்க. யாருதுன்னே தெரியலைங்க..." என்று நாகையா இழுத்தான்.

"எம் புடவைதாங்க," என்று பவுனம்மாள் முன்னால் வந்தாள். "நான்தான் போட்டேன். தெரியாம செஞ்ச தப்பு. இனி போட மாட்டேன்." பிறகு கௌஸிடம் திரும்பினாள். "அண்ணே, எங்கேயிருந்து உங்க கண்ணுல பட்டுச்சு?"

"வளைவுலேயே தங்கச்சி. பளீர்னு தெரிஞ்சுது."

அவள் சுவரோரம் சாய்த்திருந்த ஒரு கம்பை எடுத்தாள். ஆட்கள் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும்போது, ரயிலை நிறுத்த ஒருவன் தூரத்தில் பிடித்து நிற்கும் சிவப்புக் கொடி அது. வெயிலும் மழையும் தின்று, வெங்காயச் சருகாக வெளுத்திருந்தது.

"இது தெரியுமா, அதே வளைவுலேருந்து?"

கௌஸ் கொடியின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். "தெரியாதும்மா," என்றார்.

"பிள்ளை, இதையும் துரைக்குச் சொல்லவோ?" என்று கேட்டார் கார்த்திகேசு.

"சொல்லுங்க ஐயா. எம் புருஷன் அந்தக் கொடியை நம்பித்தான் குனிஞ்சு நிக்கிறாரு."

நாகையா கொடியை எட்டிப் பார்த்தான். தினமும் பார்த்த கொடிதான். அது வெளுத்ததை அவன் பார்த்ததில்லை. வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள் பார்த்திருக்கிறாளே!

துரை கொடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கார்த்திகேசு மொழிபெயர்த்தார்: "வேலைக்கு ஒரு பழுதும் வராது. சிவப்புத் துணி மட்டும் இனி வெளியில காயப்போடக் கூடாது. புதுக் கொடி அடுத்த மாசம் வரும்."

"அப்ப நாளைக்கு?" என்றாள் பவுனம்மாள். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கூறைப் புடவையைத் தரையில் விரித்தாள். அரிவாள்மணையை இழுத்து, முந்தானையை அதன் அலகில் வைத்து ஒரே கிழி.

"ஏய் பவுனு! கூறைப் புடவைடி! யாராச்சும் கிழிப்பாங்களா?"

அவள் நிமிரவில்லை. "நீங்க இருந்தாத்தாங்க அது கூறை."

ஒரு சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தலாம் என்று பீற்றிக்கொண்டவன் எழுந்து வெளியே போனான். ஒரு புதுக் கம்பை எடுத்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து சீவத் தொடங்கினான்.

மறுநாள் காலை சரிகை மின்ன அந்தக் கொடி தண்டவாளத்தோரம் பறந்தது. கிள்ளான் ரயில் வளைவிலேயே ஊதியது. குனிந்திருந்த நாகையா நிமிர்ந்து, பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான்: "எம் பொண்டாட்டி புடவை."