லயத்துத் தண்ணீர்

மோனிஷா செய்த கருவி உள்ளங்கையில் அடங்கும். கிருமிகளோடு சண்டை போட நம் உடம்பே உண்டாக்கும் புரதத் துணுக்குகள் உண்டு. அதுபோல ஒன்றைக் கொச்சி ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகச் செய்து, சின்னத் தங்கத் தகட்டில் ஒட்டியிருந்தாள். தண்ணீரில் கெட்ட கிருமி இருந்தால் துணுக்கு அதைக் கவ்விக்கொள்ளும். தகட்டில் ஓடும் மின்சாரம் மாறி, சிவப்பு விளக்கு எரியும். இல்லையென்றால் பச்சை.

அதை வெளியே சோதித்துப் பார்க்க, குமுளிக்கு மேலே தான் பிறந்து வளர்ந்த தேயிலை எஸ்டேட்டின் லயத்தையே தேர்ந்தெடுத்தாள். அந்த வரிசை வீடுகளுக்கெல்லாம் ஒரே தொட்டித் தண்ணீர்தான். அவளுடைய அண்ணன் மாரீஸ்வரன் அங்கே சூப்பர்வைசர். தினமும் காலையில் அவன் புதுத் தகடு மாட்டித் தண்ணீரை விடுவான். எரியும் விளக்கைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்புவான். மழைக்காலம் முழுக்கப் பச்சையாகவே வந்தது. அண்ணனை நினைத்து அவளுக்குப் பெருமையாக இருந்தது. லயத்துப் பெண்களைக் கூட்டி, பச்சை எரிந்தால் பயப்படாமல் குடிக்கலாம் என்று அவளே சொல்லியிருந்தாள். ஈர விறகோடு மல்லுக்கட்டி அலுத்திருந்தவர்கள், வெந்நீர் வைப்பதை விட்டுவிட்டார்கள்.

பக்கத்து வீட்டுக் கத்தரீனாளின் மகளை டைபாய்டு காய்ச்சலோடு கட்டப்பனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் செய்தி வந்தது. லயத்தில் இன்னும் சிலர் படுத்திருந்தார்கள். கருவிதான் பொய் சொல்லிவிட்டது என்று நினைத்து மோனிஷா பஸ் ஏறினாள். வழியெல்லாம் தன் கணக்கில் எங்கே பிசகு என்று தேடிக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா மூக்கம்மாள் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். சூடாக இருந்தது. ஏன் கொதிக்க வைத்தாய் என்று மோனிஷா கேட்டாள்.

"ஒங்க அண்ணந்தாம்ட்டி. பச்சத்தண்ணிய வாயில வைக்கக் கூடாதுன்னு மழ தொடங்குன நாள்லருந்து ஒரே பிடிவாதம்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மோனிஷா தொட்டிக்குப் போனாள். தானே தண்ணீர் எடுத்துத் தகட்டில் விட்டாள். சிவப்பு. வேறு தகடு மாட்டினாள். அதுவும் சிவப்பு.

மத்தியானம் மலையிலிருந்து இறங்கி வந்த மாரீஸ்வரன், தொட்டியடியில் அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

"எந்தத் தண்ணிய விட்டண்ணே?"

முதலில் மழுப்பினான். பிறகு, மேனேஜர் பங்களா பில்டர் தண்ணீர் என்றான். தொட்டித் தண்ணீரை விட்டபோது முதல் நாளே சிவப்பு எரிந்ததாம்; அந்தப் படத்தை அவளுக்கு அனுப்பவில்லையாம். வெளியே தெரிந்தால் லயத்தைப் பூட்டி எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள் என்று பயந்தானாம். எஸ்டேட் ஆபீஸ் வேலைக்கு மேலிடத்தில் தன் பெயரைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது என்பதையும் கடைசியில் சொன்னான்.

"நம்ம அம்மாவுக்கு மட்டும் வெந்நி. கத்தரீனாள் அக்கா மக எதைக் குடிச்சா?"

அவன் தொட்டி மூடியை இழுத்துச் சாத்தினான். பள்ளிக்கூட ஜீப்பில் அவளை மடியில் உட்காரவைத்துக் கூட்டிப்போனவன். தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க அனுப்பியவன். அவள் பேச்சை லயம் நம்பும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த நம்பிக்கையின் பின்னால் ஒளிந்திருக்கிறான்.

அன்றைக்கே அவள் வீடு வீடாகப் போய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்றாள். யார் செய்தது என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. மறுநாள் பஞ்சாயத்து சுகாதார ஆய்வாளரை அழைத்து வந்தாள். கக்கூஸ் குழி கசிந்து தொட்டிக் குழாயில் கலந்திருந்தது. லயத்தை யாரும் பூட்டவில்லை. குழாயை மாற்றி, தொட்டியைக் கழுவி மருந்து போட்டார்கள். தன் மழைக்கால முடிவுகள் எல்லாம் பொய் என்று ஆய்வுக்கூடத்துக்கும் சொல்லிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் கத்தரீனாளின் மகள் கண் திறந்து படுத்திருந்தாள்; பிழைத்துக்கொண்டாள். கத்தரீனாள் மோனிஷாவை உட்காரச் சொல்லவில்லை.

"குடிக்கலாம்னு அவன் சொல்லியிருந்தா நாங்க வெந்நி வைக்கிறத விட்டிருக்க மாட்டோம். நீ சொன்னதாலதான் விட்டோம்."



அவள் கொச்சிக்குக் கிளம்பிய அன்று மாரீஸ்வரன் வாசலில் நின்றான். "கூடப்பிறந்தவனக் காட்டிக் குடுத்திட்டல்ல," என்றான். அவள் அம்மாவிடம் மட்டும் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தாள்.