வாய் திறக்காத கார்

அக்காவின் காரோடு தம்பி தன் பட்டறையில் மல்லுக்கட்டத் தொடங்கி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. காரின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரைச் செருகினால் அதன் விளக்கு எரியும். பிறகு திரையில் அதே ஒரு வரி: ‘கணினியுடன் தொடர்பு இல்லை.’ என்ஜின் என்னவோ ஜம்மென்று ஓடியது. உள்ளே இருக்கும் கணினிதான் வாய் திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது.

நான்கு மணிக்கு வருடாந்திரப் பரிசோதனை. இந்த வருடம் முதல் அங்கும் ஸ்கேனரைச் செருகித்தான் பார்க்கிறார்கள். கார் பேசாவிட்டால் சான்றிதழ் கிடையாது. நாளை முதல் அதைத் தெருவில் இறக்க முடியாது. அக்கா வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கும் நர்ஸ். மொத்தம் எட்டுப் பேர், எட்டு மூலைகளில். புண்ணுக்குக் கட்டு மாற்ற அவள் போனால்தான் உண்டு.

தம்பி லேசுப்பட்ட ஆள் இல்லை. கார் வயரிங்கில் அவனை மிஞ்ச அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. இதை அவனே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறான். ஃபியூஸ்களைப் பார்த்தான். எர்த் ஒயரைச் சுரண்டிப் பார்த்தான். பக்கத்துப் பட்டறையிலிருந்து வேறு ஸ்கேனர் இரவல் வாங்கி வந்தான். அதுவும் அதே பல்லவியைப் பாடியது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கடைசியில் அவன் கையைத் துடைத்துக்கொண்டான். “கம்ப்யூட்டர் போயிடுச்சுக்கா. புதுசு வர ஒரு மாசம் ஆகும்.”

“ஒரு மாசமா?”

அக்கா எழுந்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல், சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்துச் சொன்னாள்: “அந்த ரேடியோவக் கழட்டித்தான் பாரேன்.”

அவனுக்குச் சுருக்கென்றது. “ரேடியோவுக்கும் இதுக்கும் என்னக்கா சம்பந்தம்? அது நான் மாட்டினது.”

தொழில் கற்று முடித்ததும் அவன் தனியாகக் கைவைத்த முதல் வேலை அதுதான். காரில் இருந்த ஒயரையெல்லாம் சந்தேகப்பட்டவன், அந்தப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. தன் கைவேலை என்றால் மனிதனுக்குக் கண் தெரிவதில்லை. ஆனாலும் அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. முணுமுணுத்தபடி ரேடியோவை வெளியே இழுத்து, பின்னால் இருந்த பிளக்கைப் பிடுங்கினான்.

ஸ்கேனர் கடகடவென்று ஒப்பிக்க ஆரம்பித்தது.

பிளக்கைத் திருப்பிப் பார்த்தான். கணினி ஸ்கேனரோடு பேசும் ஒயர் ரேடியோ பிளக்குக்கும் வருகிறது. வெளியில் வாங்கிய ரேடியோவை மாட்டும்போது அதை இணைக்கவே கூடாது; இணைத்தால் கணினியின் வாய் அடைபட்டுவிடும். அன்றைக்கு அவன் ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சேர்த்து முறுக்கியிருந்தான். காது மடல் சுட்டது. அந்த ஒரு ஒயரை மட்டும் வெட்டி, முனையில் டேப் சுற்றி, ரேடியோவைத் திரும்ப மாட்டினான். ரேடியோவும் பாடியது, ஸ்கேனரும் பேசியது.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“போன வருஷம் வேற ஒரு பட்டறைல சொன்னான்.”

“அப்பவே கழட்டச் சொல்லியிருக்கலாமே?”

“எந்த மடையன் இத மாட்டினதுன்னு கேட்டான். சாவியப் பிடுங்கிட்டு வந்துட்டேன்.”

“சரி, இன்னிக்கு வந்ததுமே என்கிட்ட சொல்றதுக்கு என்ன?”

“நீயாவே கண்டுபிடிச்சிடுவேன்னு பாத்தேன்.”

அவன் காரிலிருந்து சாவியை உருவினான். “அந்த மடையன் நான்தானேக்கா.”

“அது எனக்குத் தெரியாதா?” அக்கா அவன் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டாள். “அதச் சொல்ல அவன் யாரு?”