அண்ணனின் எளிய அறை

தையற்காரியின் அண்ணனுக்குத் தெருவில் பட்டப்பெயர் 'பூமித்தாய்'. மேடை கிடைத்தால் போதும், பனிமலை உருகுவதைச் சொல்லிச் சொல்லித் தானும் உருகிவிடுவார். அப்பா விட்டுப்போன வீட்டைக் குறுக்கே பிரித்து ஆளுக்குப் பாதி. நடுவில் ஒரு சந்து. அண்ணன் வீட்டு நாலு ஏ.சி.யும் கக்கும் அனல் அந்தச் சந்து வழியாகத் தங்கச்சியின் ஜன்னலுக்குள்தான் நுழையும். சந்தில் நின்ற ஒரே மரத்தையும், ஏ.சி. மெஷினில் இலை விழுகிறது என்று வெட்டிச் சாய்த்தவர் இந்த உத்தமர்தான்.

அனலில் உட்கார்ந்து தைப்பது அவளுக்குப் பழகிவிட்டது. ஆனால் இப்போது மகள் பிள்ளை பெற்று வந்திருந்தாள். மழை கொட்ட வேண்டிய மாதத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. பச்சைக் குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. பால்கூடக் குடிக்காமல் துவண்டு கிடந்தது. காற்றோட்டமாக வைக்காவிட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். ஜன்னலைத் திறந்தால் அனல், மூடினால் புழுக்கம். மெஷின்களைத் திருப்பி வைக்கச் சொல்லி அண்ணனிடம் கெஞ்சினாள்.

"உலகமே கொதிக்குதும்மா. என் மெஷினைத் திருப்பிட்டா மட்டும் பூமி குளிர்ந்துடுமா? நீ கொஞ்சம் பேப்பர் படிக்கணும்."

அப்பேர்ப்பட்டவர் ஒரு மத்தியானம் கேமராக்காரரோடு அவள் அறைக்குள் வந்து நின்றார். உடம்பில் ஒரு கசங்கின சட்டை. அதைத் தேடி எடுக்க அண்ணி அலமாரியையே கவிழ்த்திருக்க வேண்டும்.

"கொஞ்ச நேரம் இந்த ரூம் வேணும்மா. நான் எவ்வளவு எளிமையா வாழறேன்னு ஒரு வீடியோ. என் ரூம்ல எங்க திரும்பினாலும் ஏ.சி. தெரியுது."

வெட்கம் மருந்துக்கும் இல்லை.

"வெளியே என்னமோ இரையுது சார், நிறுத்தச் சொல்லுங்க" என்றார் கேமராக்காரர். அண்ணன் அண்ணிக்கு ஒரு போன் போட்டார். நாலு மெஷினும் அடங்கின. மகள் ஜன்னலைத் திறந்தாள். மெல்லக் காற்று வந்தது. சிணுங்கிக்கொண்டே இருந்த குழந்தை கண்ணயர்ந்தது.

தையற்காரி ஜன்னல் வழியே அடங்கிக் கிடந்த மெஷின்களைப் பார்த்தாள். ஒரு போன், இவ்வளவுதானா! பச்சைப் பிள்ளைக்காகச் செய்யாததை வீடியோவுக்காகச் செய்கிறாரே இந்த மனிதர்!

"இதுதான் நான் வாழும் அறை. எனக்கு ஒரு ஃபேன் போதும். ஏ.சி. என்பது பூமிக்குச் செய்யும் துரோகம்" என்று அண்ணன் கேமராவுக்கு முன்னால் கண் கலங்கினார்.

அந்தப் பக்கம் அண்ணிக்கு அதற்குமேல் புழுக்கம் பொறுக்கவில்லை. மெஷின்கள் மறுபடி உறுமின. அனல் நேராக வந்து அண்ணனின் பிடரியில் அடித்தது. குழந்தை வீரிட்டது.

"யாரோட மெஷின் சார் அது?"

"அது... அதை அப்புறம் வெட்டிடுங்க." அண்ணன் முகத்தில் வியர்வையோடு அசடும் வழிந்தது.

தையற்காரி குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். மகள் பாயைச் சுருட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்டீங்க?" என்றார் அண்ணன்.

"இதுதான் உங்க ரூம்னு இப்பத்தானே ஊருக்கே சொன்னீங்க? நீங்க இங்கயே இருங்க அண்ணே. அந்தப் பக்கம் சும்மாதானே கிடக்கு, நாங்க போய்ப் படுத்துக்கறோம்."

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டியபடி தலையாட்டினார்.

அண்ணன் வீட்டுக் கதவைத் திறந்த அண்ணி திகைத்து ஒதுங்கினாள். தையற்காரி நேரே உள்ளே போய், சில்லென்றிருந்த மெத்தையில் குழந்தையைக் கிடத்தினாள்.

"உங்க அண்ணன் எங்க?" என்றாள் அண்ணி.

"மெதுவாப் பேசுங்க அண்ணி, பிள்ளை தூங்கப் போகுது. அவருக்கு ஃபேனே போதுமாம்."