ஓட்டை இல்லாத இலைகள்

எனக்குக் கோபம் வந்தால் கை நடுங்காது, முன்னைவிட நேராக நிற்கும். ஃபுங் முதலாளி பார்த்த கோபம் அந்த வகைதான்.

சீனாவின் காண்டன் துறைமுகத்தில், வெள்ளைக்காரர் கிடங்குகளுக்குப் பின்சந்தில் அவருடைய சித்திரக் கடை. ஒரு படம் பல கை மாறித்தான் முடியும். கோடு போட ஒருவன். பூவும் இலையும் சுங்ஹோய். பூச்சி நான். இலையில் புழு அரித்த ஓட்டையும் என் வேலைதான். தின்கிற வாய் என்னுடையது என்றால் தின்ற இடமும் என்னுடையதுதானே? படத்தில் முதலாளி பெயர் போகும், போகட்டும். என் பூச்சிகள் உயிரோடு இருந்தன. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

கப்பல் துரை ஒருவர் படங்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டார்.

"இலையெல்லாம் சொத்தையாம். அழுகின சரக்கை என் தலையில கட்டப் பாக்குறானான்னு கத்துறாரு" என்றான், துரை பேச்சை எங்களுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி.

"புழு வேற எதைத் தின்னும்? கல்லையா?" என்றேன்.

"வாயை மூடுடா!" முதலாளி பாய்ந்தார். "புழுவுக்கு வக்காலத்து வாங்கவா உன்னை வச்சிருக்கேன்? ஒரு ஓட்டை இருக்கக் கூடாது. இல்லன்னா தூரிகையை வச்சிட்டு நடையைக் கட்டு."

சுங்ஹோய் புதுத் தாள்களில் பச்சைப் பசேலென்று இலை தீட்டித் தள்ளினான். "விடு தம்பி, கேக்குறவன் கேட்டுட்டுப் போறான், நமக்கென்ன?" என்றான். நமக்கென்னவா! தூரிகையை எடுத்தேன். கை நேராக நின்றது.

தின்ன ஒன்றுமில்லாவிட்டால் பூச்சி என்ன ஆகும்? அதையே வரைந்தேன். மல்லாந்த வெட்டுக்கிளி. சுருண்டு கறுத்த புழு. இறக்கை விறைத்த பட்டாம்பூச்சி. அவ்வளவு நுணுக்கமாக நான் எதையும் வரைந்ததில்லை.

துரை கடைக்கு வந்து நின்ற பிறகுதான் முதலாளி படக் கட்டைப் பிரித்தார். முகம் வெளுத்துவிட்டது.

"படுபாவி! எல்லாத்தையும் சாகடிச்சிட்டியேடா!"

"நானா? அதுங்க வாயில மண்ணள்ளிப் போட்டது நீங்கதான் முதலாளி."

அவர் ஓங்கிய கை என் மேல் விழுவதற்குள் துரை படத்தைப் பிடுங்கிக்கொண்டார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்து ஏதோ சொன்னார்.

"அடேயப்பா, இப்பதான் சரியா வந்திருக்காம்" என்றான் துபாஷி. "அவங்க ஊர்ல பூச்சியைக் கொன்னு, ஊசி குத்திப் பெட்டியில வைப்பாங்களாம். அச்சு அசலா அப்படியே இருக்காம். இனிமே எல்லாமே இப்படித்தான் வேணுமாம்."

ஓங்கிய கை என் தோளில் இறங்கித் தட்டிக்கொடுத்தது.

"கேட்டியாடா? இனிமே உசுரோட ஒண்ணு கூட வரையாதே."

சுங்ஹோய் தலை நிமிரவில்லை. முதலாளி அடுத்த தாளை என் முன்னால் வைத்தார். தும்பி வேண்டுமாம்.

கொன்றேன்.