சேதியில் தண்ணீர் கலந்த வழக்கு

அநியாயம் நடந்தது என் அக்கா காளீஸ்வரிக்கு. மிளகாய்த் தோட்டத்தில், வேரழுகல் வந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஒரு செடியின் இடத்தில் நின்று சேதி கடத்திக்கொண்டிருந்தவளை, சேதியில் தண்ணீர் கலந்தாள் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவர் அய்யலுச்சாமி மாமா. ஊர் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது. முதலில் எனக்குத் தாங்காமல் போனது அந்தச் சும்மா இருந்ததுதான்.

எங்கள் பக்கம் கரிசல் காடு. ஒரு செடிக்கு வேரில் நோய் கண்டால் அது வேர் வழியாகவே பக்கத்துச் செடிக்குச் சொல்லிவிடும். அது அடுத்ததற்குச் சொல்லும். நடுவில் ஒரு செடி இல்லாமல் போனால், சேதி அந்தக் குழியிலேயே விழுந்து கிடக்கும். அதனால் நோயாளிச் செடியைப் பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுவரும்போது, அந்த வீட்டிலிருந்து ஒருவர் போய் அதன் இடத்தில் நிற்பது முறை. வடக்கே பார்த்து நிற்க வேண்டும். இடது குதிகாலில் வருவதை வலது குதிகால் வழியாக விட வேண்டும். செருப்புப் போடக் கூடாது. மற்றபடி குடை, சாப்பாடு, செல்போன் எல்லாம் உண்டு.

எங்கள் வரிசையில் மேலப் பாதி அய்யலுச்சாமி மாமாவுடையது, கீழப் பாதி எங்களுடையது. கார்த்திகை மழையில் எங்கள் பாதியின் முதல் செடிக்கு வேர் நைந்தது. அக்கா போய் நின்றாள். செடி வீட்டுக்கு வந்து, ஒரு பெயிண்ட் வாளியில், அக்காவின் கட்டிலில் தங்கியது. அக்காவுக்கு பஸ் நிறுத்தத்தில் தையல் கடை. கடை பூட்டிக் கிடக்கக் கூடாதே என்று அம்மா தினமும் செடியை இடுப்பில் வைத்துக் கொண்டுபோய் மிஷின் முன்னால் உட்கார வைத்தாள். நன்றாகவே தைத்தது. ரவிக்கையில் கை மட்டும் சற்று இறுக்கம் என்று சொன்னார்கள். உடம்பு முடியாத நேரத்திலும் அது எங்களுக்காக அவ்வளவு செய்தது. அதை நாங்கள் மறக்க மாட்டோம்.

மார்கழியில் மேலக் கோடியில் பெரிய நோய் வந்தது. மண்ணுக்குள் கறுப்புப் பொடியாகத் தூங்கிக்கொண்டிருந்த பூசணம், வேர் கசியவிட்ட சர்க்கரை வாசனைக்கு விழித்துக்கொண்டது. கடைசிச் செடி, செய்ய வேண்டியதையெல்லாம் செய்தது. வேரில் கசப்பைச் சுரந்தது. வேர்த்தோலை மரம்போல் கெட்டியாக்கிக்கொண்டது. பூசணம் தொட்ட இடத்தைச் சுற்றியிருந்த தன் சதையைத் தானே சாகடித்து, அதையே வேலியாகப் போட்டது. அப்புறம் பக்கத்துச் செடிக்கு உரக்கச் சொன்னது. ஒவ்வொன்றும் வாங்கியதைவிட ஒரு பிடி உரக்கச் சொல்ல, மேலப் பாதியின் மொத்தக் கசப்பும் அக்காவின் இடது குதிகாலில் வந்து முட்டியது. பின்னாலேயே பூசணமும் வந்தது. பித்தவெடிப்புக்கு அக்கா மஞ்சள் பூசியிருந்ததால் அவளைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனது.

அதற்குள் அக்கா கீழப் பாதிக்குச் சேதியைச் சொல்லியிருந்தாள். ஆனால் வந்தபடியே சொல்லவில்லை.

மேலப் பாதி முழுவதும் நின்ற வாக்கில் காய்ந்துபோயிற்று. கீழப் பாதி கொஞ்சம் இலை உதிர்த்துவிட்டு நின்றுகொண்டது. மாமா மேலப் பாதியில் ஒரு வேரைக் கடித்துப் பார்த்தார், நாக்கு மரத்துவிட்டது. கீழப் பாதியில் ஒன்றைக் கடித்தார்; வெந்தயத் தண்ணீர் அளவுக்குத்தான் கசந்தது. அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

சேதியில் கலப்படம் செய்தவரை வரிசையிலிருந்து விடுவதில்லை. நோயாளிச் செடி தேறி வந்தாலும் அவர் அங்கேயே நிற்க வேண்டும். ஒரு பருவம் நின்றால் பெரும்பாலும் பூ வைத்துவிடுவார்கள். அப்புறம் நாமே கூப்பிட்டாலும் வீட்டுக்கு வர மாட்டார்கள். வடக்குத் தெரு சண்முகக்கனி அண்ணன் அப்படித்தான் நின்றார். இப்போது காய்த்துக்கொண்டிருக்கிறார். நல்ல காரம்.

நான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படிக்கிறேன். ஆனால் விடுதிச் சாம்பாரிலிருந்து தேர்வுத் தேதி வரைக்கும், பேச வேண்டிய இடங்களுக்கெல்லாம் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவார்கள். என் சொந்த அக்காவுக்காகப் பேசாமல் இருப்பேனா? விளாத்திகுளத்தில் மினி பஸ் ஏறி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே தோட்டத்தில் இறங்கினேன்.

அக்கா குடை பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்து நின்றாள்.

“சாப்பிட்டியா?” என்றாள்.

“அதை விடு. என்ன சேதி வந்துச்சு, நீ என்ன சொன்ன? ஒரு வார்த்தை விடாம சொல்லு.”

“வந்தது வாயால சொல்ற மாதிரி இல்லடி. எல்லாம் முடிஞ்சது, ஒருத்தரும் மிஞ்சல, அடுத்து நீங்கதான், அப்படின்னு வந்துச்சு. காலெல்லாம் எரிஞ்சு போச்சு.” அவள் வலது பக்கத்துச் செடியைக் கண்ணால் காட்டினாள். “இவ அன்னைக்குத்தான் முதல் பூ வச்சிருந்தா. இவகிட்டப் போய் அதை அப்படியே எப்படிச் சொல்றது?”

“அதனால?”

“மேலப் பக்கத்துல உடம்புக்குக் கொஞ்சம் முடியலையாம், ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்கன்னு சொன்னேன்.”

எனக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் சாவை அப்படியே சொன்னதில்லை. அக்காவுக்கு வேறு மாதிரி சொல்லவும் தெரியாது.

வழக்கைக் கேட்க வரிசைக்காரி ராமலட்சுமி மதினி வந்தாள். வரிசைகளின் முறை வழக்கெல்லாம் அவள் பொறுப்பு. வரப்பில் உட்கார்ந்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளும்படி இரண்டு பக்கத்துக்கும் சொன்னாள். அய்யலுச்சாமி மாமா காய்ந்த செடிகளைப் பிடுங்கி எரிக்க மண்வெட்டியோடு வந்திருந்தார். சட்டைக்கு மேல் ஒரு துண்டு போட்டிருந்தார். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது.

“வந்துட்டா படிச்ச பிள்ள. இனிமே செடியெல்லாம் இங்கிலீஷ்லதான் வாடும்” என்றார்.

“தமிழ்லயே பேசுவோம் மாமா. அக்கா சொன்னது பொய்யா, குறைச்சலா? முதல்ல அதைச் சொல்லுங்க.”

“குறைச்சாலே பொய்தான். என் செடி செத்துச் சொன்ன சேதி அது. அதுல தண்ணி கலக்க இவ யாரு?”

“உங்க மச்சான் இறந்தப்ப சாத்தூர்ல இருந்த உங்க தங்கச்சிக்கு போன்ல என்ன சொன்னீங்க?”

மாமா துண்டை எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார். “அது மனுசங்களுக்குச் சொல்றது.”

“இங்க நிக்கிறதும் மனுசிதானே. மனுசியக் கொண்டாந்து நிப்பாட்டினா மனுசி மாதிரிதான் சொல்லுவா.”

“நிக்கிறது செடியோட இடம். செடி மாதிரிதான் சொல்லணும். என்ன மதினி, நான் சொல்றது சரிதான?”

“ரெண்டும் சரி மாதிரிதான் இருக்கு. மேல பேசுங்க” என்றாள் மதினி.

நான் மேலே பேசினேன். பேச எனக்கு நன்றாக வரும். முழுச் சேதியையும் ஒரே மூச்சில் கேட்ட செடி என்ன செய்யும் என்று கேட்டேன். பூசணம் ஏறிவிடக் கூடாது என்று, தண்ணீர் ஏறுகிற குழாயையெல்லாம் பிசின் வைத்து அடைக்கும். பூசணம் ஏறாது, சரி. தண்ணீர் எப்படி ஏறும்? லேசாகக் கேள்விப்பட்ட செடி அப்படிச் செய்யாது. கசப்பைக் காய்ச்சி அடுப்பு ஓரத்தில் வைத்துக்கொள்ளும். வந்தால் ஊற்றலாம் என்று காத்திருக்கும். தண்ணீர் வர ஒரு வழியைத் திறந்தே வைத்திருக்கும். எங்கள் பாதி அப்படித்தான் பிழைத்தது என்றேன். பிறகு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், “உங்க செடில பாதி நோய்ல சாகல மாமா. தாகத்துல செத்துச்சு” என்றேன்.

மாமா காய்ந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

“தாகத்துலயா?” என்றார். “மழை பேஞ்ச ஈரம் அப்படியே கிடக்கு. கால் நனையுது.”

வாதத்தில் நான் ஜெயித்துவிட்டேன் என்று எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அக்கா குடைக்குள்ளிருந்து என்னைப் பார்த்த பார்வையில், போதும்டி என்று இருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை.

நான் வரப்பிலிருந்து இறங்கி மாமா பக்கத்தில் போய் நின்றேன்.

“அதுக கத்தலேன்னா, குறைச்சுச் சொல்லக்கூட அக்காகிட்ட ஒண்ணும் இருந்திருக்காது மாமா. சாகுற நேரத்துலயும் தன்னைப் பாக்காம அடுத்ததுக்குச் சொல்லிட்டுத்தான் போயிருக்கு. எங்க பாதி நிக்கிறது அந்தச் சத்தத்துலதான். என் படிப்பும் இந்தப் பாதியிலதான் ஓடுது. இதுக்கு நாங்க நன்றி சொல்லியிருக்கணும்.”

“சொல்லல” என்றார் மாமா.

“சொல்லல.”

“நன்றி கிடக்கட்டும். பாதி வரிசையே போயிருக்கு. ஒரு ஆள் வந்து எட்டிப் பாத்தீங்களா? வெறும் காய்ச்சல்னு சொல்லிவிட்டா எவன் வருவான்? அதைத்தான் நான் கேக்குறேன். என்னமோ ரெண்டு இலை பழுத்த மாதிரி ஆக்கிட்டீங்களே, என் செடியோட சாவை.”

இவ்வளவு நேரம் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு ஏதோ ஒரு கேள்விக்கு என்று அப்போதுதான் தெரிந்தது. மதினியைப் பார்த்தேன்.

மதினி எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “நீங்க ரெண்டு பேரும் பேசி இது தீராது. சேதியை வாங்கினது கீழப் பாதி. அதுகிட்டக் கேப்போம். உங்களுக்கு வந்த சேதி என்னன்னு கேட்டு விடு காளீஸ்வரி. காய்ச்சல்னு நினைச்சிருந்தா ‘இப்ப எப்படி இருக்கு’ன்னு விசாரிக்கும். அப்படி வந்தா நீ இங்கேயேதான் நிக்கணும். நான் ஒண்ணும் பண்ண முடியாது. விளங்கியிருந்தா, விளங்கின மாதிரி பதில் வரும். அப்படி வந்தா நீ வீட்டுக்குப் போ.”

அக்கா கண்ணை மூடி வலது குதிகாலை லேசாக அழுத்தினாள். கேள்வி போயிற்று.

“பதில் எப்படி வரும்?” என்றார் மாமா. “இவ கால் வழியாத்தான? அதுலயும் இவ தண்ணி கலப்பா.”

அவர் சொன்னது நியாயம். அக்கா தனக்கு எதிராக வந்தாலும் குறைத்துத்தான் சொல்வாள். தன்னைப் புகழ்ந்து வந்தால் இன்னும் குறைத்துச் சொல்வாள். “அப்ப நான் நிக்கிறேன்” என்றேன்.

“நீயா? நீ காரத்தை அள்ளிப் போடுவ.”

அதுவும் நியாயம்தான்.

“அப்ப நீரே நில்லும்” என்றாள் மதினி.

மாமா மண்வெட்டியை வரப்பில் சாய்த்தார். செருப்பைக் கழற்றி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அக்கா குடையை என்னிடம் கொடுத்துவிட்டு இடத்தைவிட்டு வெளியே வந்தாள். அவள் குதிகாலில் நூல் நூலாக வெள்ளை வேர் விட்டிருந்தது. பூ எதுவும் இன்னும் இல்லை. நான் உட்கார்ந்து என் துப்பட்டாவால் மண்ணைத் துடைத்தேன். “விடுடி, கூசுது” என்றாள். சிரிக்கவும் செய்தாள். இந்தச் சிரிப்பு இன்றோடு போய்விடுமோ என்று அவளுடைய பாதத்தை நான் இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா அந்தக் குழியில் இறங்கி வடக்கே பார்த்து நின்றார். இடது பக்கம் அவருடைய காய்ந்த செடிகள். வலது பக்கம் பூ வைத்த எங்கள் செடி. கீழக் கோடி தொலைவு. கேள்வி அங்கே போய்ச் சேர்ந்து, ஒவ்வொரு செடியும் தன் பங்குக்கு ஒன்று சேர்த்து, திரும்பி வர நேரம் பிடித்தது. மதினி யாருக்கோ போனில், சோற்றை வடித்து வைக்கச் சொன்னாள்.

பிறகு மாமாவின் வலது கால் ஒருமுறை அசைந்தது. அவர் முகத்தை நாங்கள் மூவரும் பார்த்தோம். முதலில் அதில் ஒன்றும் இல்லை. அப்புறம் துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

“என்ன சொல்லுது?” என்றாள் மதினி. “வந்தபடி சொல்லணும். நீரும் குறைக்கக் கூடாது.”

“குறைக்கல” என்றார் மாமா. இடது பக்கம், தன் செடிகளின் பக்கம், திரும்பிக்கொண்டுதான் வந்த பதிலைச் சொன்னார்.

“‘சேதி கிடைச்சுது. எல்லாரும் கிளம்பிட்டோம். பூ வச்சதுகளையும் பிஞ்சு வச்சதுகளையும் மட்டும் வீட்ல விட்டுட்டு வாறோம். நாங்க வந்து சேர்ற வரைக்கும் எடுத்துறாதீங்க.’”