தண்ணி சேராத பால்

என் மகன் எமில் வெளிக்குப் போக முகம் சிவந்து முக்கும்போதெல்லாம் என் புருசன் யாகப்புவும் சேர்ந்து முக்குவார். பிள்ளை வாங்குப் பலகையின் காலைப் பிடித்தபடி நிற்பான்; இவர் எதிரே குந்தியிருந்து பல்லைக் கடிப்பார். குருநகரில் வள்ளம் விட்ட மனுசன். கடலுக்குப் போகத் தடை வந்தபின் அவருக்கு மிஞ்சியிருந்த வேலை இதுதான். "போயிட்டுதோ?" என்று கேட்பார். போயிருக்காது. எனக்கு வருகிற கோபத்துக்கு அவரைத் தூக்கிக் கிணற்றில் போடலாம் போலிருக்கும். பிறகு அழுகைதான் வரும்.

தொண்ணூறாம் ஆண்டு இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் சண்டை மூண்டபோது உடுத்த துணியோடு கோப்பாய்க்கு வந்து சேர்ந்தோம். கனகாம்பிகை அக்கா தன் மாட்டுக்கொட்டிலோடு ஒட்டிச் சாய்ப்பு இறக்கியிருந்த பத்தியை ஒதுக்கித் தந்தார். மாதாவைக் கும்பிடுகிற வேதக்காரர், கரையோரத்து ஆட்கள் என்று முகம் சுளிக்கவில்லை. பத்திக்குள் மீன் சமைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். சமைக்க மீன் எங்கே இருந்தது?

எமில் பிறந்த கையோடு எனக்கு நெருப்புக்காய்ச்சல் வந்து பால் வற்றிப்போனது. அவன் ரின்னில் வருகிற மாப்பாலில் வளர்ந்தவன். பொருளாதாரத் தடை வந்ததும் பால்மா கண்ணில் படாத பொருளாகிவிட்டது. கடைசி ரின்னின் அடியை நான் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் அக்காவின் குசினி அடுப்பு வரை கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை, காய்ச்சி ஆற்றிய பசுப்பால் ஒரு செம்பு நிறைய வந்தது.

"எங்கடை வீட்டுப் பாலிலை ஒரு துளி தண்ணி சேராது, பிள்ளை. அப்பா காலத்திலையிருந்து அப்பிடித்தான். முழுக்கக் குடிக்க விடு," என்றார்.

எமில் முழுக்கக் குடித்தான். அந்த ருசி பிடித்துப்போய், வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்டாலே தான் பால் குடிக்கிற பேணியைத் தூக்கிக்கொண்டு கொட்டில் வாசலுக்கு ஓடினான். கஞ்சியைக் காட்டினால் வாயை இறுக மூடிக்கொண்டான். ஒன்றரை வயதுப் பிள்ளை பாலாவது குடிக்கிறானே என்று நானும் சந்தோசப்பட்டேன். பிறகுதான் வயிறு இறுகியது. நாலைந்து நாளைக்கு ஒருமுறை கல்லுப்போல வரும். ஒருநாள் இரத்தமும் சேர்ந்து வந்தது. அந்த நோவுக்குப் பயந்து அவன் அடக்கப் பழகிவிட்டான்.

வெற்றிலைக் காம்பை ஆமணக்கெண்ணெயில் தோய்த்துப் பின்பக்கம் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தால் துணி தோய்த்த காலம் அது. எங்கேயோ கெஞ்சி வாங்கிய சவர்க்காரத் துண்டைச் சீவியும் வைத்துப் பார்த்தேன். பிள்ளை கதறினான், அவ்வளவுதான். அந்தக் கதறலைக் கேட்ட அக்கா, பிள்ளை மெலிந்து போகிறான் என்று பின்னேரமும் ஒரு செம்பு பால் தரத் தொடங்கினார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வேன்? தலைக்கு மேலே இருந்த கூரையும் அவருடையது.

கடைசியில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தியிலிருந்த டொக்டரிடம் போனோம். அவர் வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"பாலை விட வேறை என்ன சாப்பிடுறான்?"

"ஒண்டும் இல்லை, டொக்டர்."

"அதுதான் இறுகுது. பாலைப் பாதியாக் குறையுங்கோ. கொதிச்சாறின தண்ணி நல்லாக் குடுங்கோ. கஞ்சி, கீரை, பப்பாசிப்பழம் எல்லாம் பழக்குங்கோ."

அவர் சொன்னது சுலபமாகத்தான் இருந்தது. ஆனால் பேணி நிறையாவிட்டால் எமில் வீட்டை இரண்டாக்கிவிடுவான். அதனால் அக்கா தந்த பாலைப் பத்திக்குள் கொண்டுவந்து, பாதியை யாகப்புவின் தேத்தண்ணிக்கு ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தேன். பேணியில் இருந்த மீதியோடு கொதித்தாறிய தண்ணீரைக் கலந்தேன். அந்த நேரம் பார்த்து வாசலில் தொங்கவிட்ட சாக்கை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தார். பிள்ளையின் வயிற்றுக்கென்று மரத்திலிருந்து ஆய்ந்த பழுத்த பப்பாசி ஒன்று அவர் கையில் இருந்தது.

அவர் கிண்ணத்தையும் பார்த்தார், பேணியையும் பார்த்தார்.

"என்ரை பாலிலை தண்ணி கலக்கிறியோ? மற்றப் பாதியை எங்கை விக்கப் போறாய்?"

"ஐயோ அக்கா, விக்கிறதோ! அது இவருக்குத் தேத்தண்ணிக்கு..."

உண்மையைச் சொன்னேன். அது பொய்யைவிடக் கேவலமாக ஒலித்தது. பதற்றத்தில் அதையும் தாண்டிச் சொன்னேன்: "உங்கடை பால்தான் அவனுக்கு ஒத்துக்கொள்ளேல்லையாம், அக்கா."

மாடு வளர்க்கிற மனுசியிடம் சொல்லக்கூடிய சொல்லா அது? அக்கா பப்பாசியை வாங்கில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பால் வரவில்லை. வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்டதும் எமில் வழமைபோலப் பேணியோடு ஓடினான். அக்கா அவனைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அவன் வெறும் பேணியை நீட்டியபடி "பா... பா..." என்று நின்றான். நான் போய்த் தூக்கிவந்தேன். இனி எப்போது பத்தியை விடச் சொல்வாரோ என்ற பயம் வேறு. எமில் கஞ்சியைத் துப்பினான், அழுதான், பசி பொறுக்காமல் கடைசியில் தின்றான். பப்பாசியையும் மசித்து ஊட்டினேன்.

ஒவ்வொரு காலையும் அவன் பேணியோடு போய் நிற்பது மட்டும் மாறவில்லை. அப்படி ஒருநாள் கொட்டில் வாசலில் நின்றவன் திடீரென்று குந்தினான். அழாமல், முக்காமல், சுகமாக இருந்துவிட்டு எழுந்தான்.

"போயிட்டுது! கத்தரீனா, போயிட்டுது!" என்று யாகப்பு வலை நிறைய மீன் பட்டதுபோலக் கத்தினார்.

அக்கா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து குனிந்து பார்த்தார். "இளக்கமாத்தான் போயிருக்கு," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது. பேசாமல் இருந்த நாளெல்லாம் அவரும் என்னைப்போலவே காத்திருந்திருக்கிறார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும் போலிருந்தது.

அக்கா உள்ளே போய், செம்பு நிறையப் பாலோடு வந்தார்.

"இனிப் பயமில்லை, பிள்ளை. வயிறு சரிவந்திட்டுது. பாவம், காஞ்சு போனான். குடிக்கட்டும்."

"கொஞ்சமாக் குடுப்பமே, அக்கா?"

"என்ன கொஞ்சம்? நான் அளந்து குடுத்து வஞ்சகம் பண்ணுற ஆளோ?"

நான் யாகப்புவைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார். எமில் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடித்தான். நான் அவன் வயிற்றில் கையை வைத்தேன், மெத்தென்று இருந்தது. கடைசித் துளியையும் குடித்துவிட்டு, பேணியை அக்காவிடம் நீட்டி இன்னும் கேட்டான்.

அக்கா சிரித்துக்கொண்டே ஊற்றினார்.